பணம் கொடுத்தோம், இடம் கொடுத்தோமா?

(திண்டுக்கல்லில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் கடை திறந்து, இரவு கணக்கு முடித்து, பூட்டுப் போட்டுவிட்டு நேராக இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். தோல் ஷாப்பில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். தேர்தலைப் பற்றியும் இட ஒதுக்கீட்டைப் பற்றியும் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பேச வேறு மேடைகள் உண்டு. இன்று நான் பேச வந்திருப்பது, நாம் வாய்விட்டுப் பெயர் சொல்லவே தயங்குகிற ஒரு நோயைப் பற்றி. அதிலும் குறிப்பாக, அந்த நோய் நம் பிள்ளைகளுக்கு இருபது வயதிலும் முப்பது வயதிலும் வரும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றி.

புற்றுநோய் என்ற சொல்லை நம் வீடுகளில் யாரும் சொல்வதில்லை. "அந்த வியாதி" என்பார்கள். "பெரிய வியாதி" என்பார்கள். பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் மதுரைக்குப் போவார்கள். சொந்தக்காரர்களிடம் "வயிற்று வலி" என்பார்கள். 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நம் நாட்டில் ஓர் ஆண்டில் புதிதாக இந்நோய் கண்டவர்கள் ஏறத்தாழ 14 லட்சம் பேர். இத்தனை பேருக்கு வந்திருக்கிறது. ஆனால் நம் தெருவில் ஒருவருக்கும் வராதது போலத்தான் நாம் நடந்து கொள்கிறோம்.

என் கடையில் நடந்தது

மற்றவர்களைக் குறை சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடையில் ஒரு பையன் வேலை பார்த்தான். வயது 21. பெயர் வேண்டாம், அவனுடைய அம்மா இன்னும் இருக்கிறார். சரக்கு எங்கே இருக்கிறது, யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஒருநாள் கழுத்தில் ஒரு கட்டி என்று வந்து காட்டினான். நெறி கட்டியிருக்கிறது, தானாக அமுங்கிவிடும் என்று நானே சொன்னேன். அமுங்கவில்லை. சோதித்துப் பார்த்ததில் நிணநீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் என்றார்கள். இரண்டு வாரத்திற்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும், ஆறு மாதம் தொடர வேண்டும், குணமாகிற வாய்ப்பு மிக நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னார்.

நான் என்ன செய்தேன்? கல்லாவிலிருந்து பத்தாயிரம் ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். "கடையைப் பற்றிக் கவலைப்படாதே, வீட்டில் ஓய்வெடு" என்றேன். மனதுக்குள் எனக்கு ஒரு திருப்தி. கடமையைச் செய்துவிட்டோம் என்ற நினைப்பு. அடுத்த வாரமே அவன் இடத்தில் வேறு பையனை வைத்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து அவன் கடைக்கு வந்தான். தலையில் முடி இல்லை, தொப்பி போட்டிருந்தான். கழுத்துக் கட்டி அமுங்கிப் போயிருந்தது. "பாய், இப்போ பரவாயில்லை. நாலு மணி நேரமாவது வந்து உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறேன்" என்றான். உள்ளே அவன் நின்ற இடத்தில் வேறொருவன் நின்று கொண்டிருந்தான். "முழுக்கக் குணமாகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டேன். போகும்போது படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அதை நான் மறக்கவில்லை.

வீட்டில் வருமானம் இல்லை. தங்கை கல்யாணத்துக்கு இருக்கிறாள். கட்டிதான் அமுங்கிவிட்டதே என்று மீதிச் சிகிச்சையை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். எட்டு மாதத்தில் நோய் திரும்பியது. இந்த முறை மருந்துக்குக் கட்டுப்படவில்லை. அடுத்த ரமளானுக்கு அவன் இல்லை.

ஆயுளைத் தருபவனும் எடுப்பவனும் இறைவன்தான். அதற்காக என் பங்கை நான் மறைக்க முடியாது. அவனுக்கு நான் பணம் கொடுத்தேன். அவனுடைய இடத்தை நான் காத்து வைக்கவில்லை. பத்தாயிரம் ரூபாய் இரண்டு மாதத்தில் தீர்ந்துவிட்டது. "உன் இடம் உனக்காக இருக்கிறது" என்ற ஒரு சொல் இருந்திருந்தால், அவன் திருப்பூருக்குப் போயிருக்க மாட்டான். மீதி மூன்று மாதச் சிகிச்சையை முடித்திருப்பான். இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒரு செய்திதான்.

இளமையில் வரும்போது

இந்த நோய் வயதானவர்களுக்குத்தான் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் 15 வயதிலிருந்து 39 வயது வரை உள்ளவர்களைத் தனிப் பிரிவாகவே மருத்துவ உலகம் இன்று பார்க்கிறது. இரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய், எலும்பில் வருவது, ஆண்களுக்கு விதைப்பையில் வருவது, பெண்களுக்கு மார்பகத்தில் வருவது என்று இந்த வயதிலும் பல உண்டு. இவற்றில் சில, காலத்தோடு கண்டு முழுச் சிகிச்சையும் எடுத்தால் பெரும்பாலோர் குணமாகிற வகை. என் கடைப் பையனுக்கு வந்ததும் அந்த வகைதான்.

இங்கிலாந்தில் இந்த வயதுப் பிள்ளைகளைக் குழந்தைகள் வார்டில் போடுவார்கள். அல்லது முதியவர்கள் வார்டில் போடுவார்கள். இரண்டிலும் அவர்கள் தனித்துப் போனார்கள். அதைக் கண்டு 1990-ஆம் ஆண்டு லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பதின்ம வயதினருக்கென்றே ஒரு வார்டு திறந்தார்கள். டீனேஜ் கேன்சர் டிரஸ்ட் என்ற அமைப்பு அந்த முயற்சியிலிருந்து வளர்ந்ததுதான்.

அவர்களுக்குத் தனி வார்டு எதற்கு? அறுபது வயதுக்காரருக்கு நோய் வந்தால் பிள்ளைகள் பார்த்துக் கொள்வார்கள். அவர் வாழ்க்கையை ஓரளவு வாழ்ந்து முடித்தவர். இருபத்திரண்டு வயதுக்காரனுக்கு எல்லாமே பாதியில் நிற்கிறது. படிப்பு பாதி, வேலை பாதி, நிச்சயம் செய்த திருமணம் பாதி. நண்பர்கள் முன்னே போய்க்கொண்டே இருக்கிறார்கள். இவன் மட்டும் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறான். உடம்பில் உள்ள நோயை மருத்துவர் பார்த்துக் கொள்வார். நின்று போன வாழ்க்கையைப் பார்த்துக் கொள்ள வேண்டியது நாம்.

நடுவில் நிறுத்தினால் என்ன?

சிகிச்சை நடக்கிற முறையை நாம் எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டும். பெருகிக் கொண்டே போகிற செல்களை அழிப்பதுதான் அந்த மருந்தின் வேலை. ஒரே நாளில் அத்தனையும் அழியாது. மருந்து ஏற்றியபின் நல்ல இரத்த அணுக்களும் குறைந்துவிடும். அவை மறுபடி ஊற வேண்டும் என்றுதான் இரண்டு வாரம், மூன்று வாரம் இடைவெளி விட்டு அடுத்த தவணை கொடுக்கிறார்கள். முதல் சில தவணைகளிலேயே கட்டி கண்ணுக்குத் தெரியாமல் அமுங்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக உள்ளே எதுவும் இல்லை என்று பொருளில்லை. அந்த நேரத்தில் நிறுத்தினால் மிச்சமிருப்பது மறுபடி வளரும். முதலில் கேட்ட மருந்துக்கு அது கட்டுப்படாமலும் போகலாம்.

கதிர்வீச்சுச் சிகிச்சை என்றால் வாரத்தில் ஐந்து நாள், பலருக்கு ஐந்து, ஆறு வாரம் வரை போக வேண்டியிருக்கும். திண்டுக்கல்லிலிருந்து மதுரை சுமார் 65 கிலோமீட்டர். பாலரெங்காபுரத்தில் உள்ள அரசு புற்றுநோய்ப் பிரிவுக்குப் போய் வர வேண்டும் என்றால், 25, 30 தடவை பஸ் ஏற வேண்டும். கூட ஒருவர் வர வேண்டும். நத்தம், வேடசந்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவர்கள் இரண்டு பஸ் மாற வேண்டும். கூலி வேலைக்குப் போகிற அத்தாவுக்கு அத்தனை நாளும் கூலி போய்விடும். சிகிச்சை இலவசம்தான். ஆனால் அங்கே போய்ச் சேர்வது இலவசமில்லை. பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான்.

நம் மாவட்டம் சொன்ன பாடம்

பாதியில் நின்றுவிடாமல் செய்ய முடியுமா? முடியும் என்று உலகத்துக்குக் காட்டிய ஊரே நம் மாவட்டம்தான். இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் அம்பிளிக்கை இருக்கிறது. அங்குள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் மருத்துவமனையினர், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையுடனும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவுடனும் சேர்ந்து, 2000-ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு பெரிய வேலையைத் தொடங்கினார்கள். பெண்களுக்குக் கருப்பை வாயில் வரும் புற்றுநோயைப் பற்றியது அது. 30 முதல் 59 வயது வரை உள்ள பெண்களை எடுத்துக் கொண்டார்கள். 114 பகுதிகளைப் பிரித்து, 57 பகுதிகளில் பரிசோதனை செய்தார்கள். பரிசோதனை என்றால் பெரிய எந்திரம் எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற நர்சுகள், வினிகரில் உள்ள அதே அமிலத்தை நீர்க்கக் கலந்து தடவிப் பார்ப்பார்கள்; மாற்றம் இருக்கிற இடம் வெள்ளையாகத் தெரியும். 31,343 பெண்கள் பரிசோதிக்கப்பட்டார்கள்.

இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. நோய்க்கு முந்திய மாற்றம் தெரிந்தால், "மதுரைக்குப் போ, சென்னைக்குப் போ, அடுத்த மாதம் வா" என்று சொல்லவில்லை. முடிந்தவரை வந்த அன்றைக்கே, உறைய வைத்து அழிக்கும் சிகிச்சையை நர்சுகளே கொடுத்தார்கள். முடிவு 2007-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. பரிசோதனை நடந்த பகுதிகளில் அந்நோய் வருவது 25 சதவீதம் குறைந்தது; அதனால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்தது. எந்த வயதினருக்கு அதிகப் பலன் தெரியுமா? 30 முதல் 39 வயது வரை உள்ள இளம் பெண்களுக்கு. அவர்களிடையே மரணம் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது.

நம் கிராமத்துப் பெண்கள் புதிதாக எதையும் கற்றுவிடவில்லை. சிகிச்சை அவர்கள் இருக்கும் இடத்துக்கு அருகில் வந்தது. வந்த அன்றே முடிந்தது. அதுதான் காரணம். தூரத்தைக் குறைத்தால் உயிர் பிழைக்கிறது. மருந்து ஏற்றுவதையும் கதிர்வீச்சையும் நாம் கிராமத்துக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையே உள்ள தூரத்தை நாம் குறைக்க முடியும்.

முதலாளிமார்களுக்கு

வியாபாரப் பெருமக்களே! முதலில் உங்களிடம் வருகிறேன். ஏனென்றால் நானும் உங்களில் ஒருவன்.

உங்களிடம் பத்து அல்லது அதற்கு மேல் ஆட்கள் வேலை பார்த்தால் இ.எஸ்.ஐ. உண்டு. மாதச் சம்பள வரம்பு 2017-இல் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2019-இல் முதலாளியின் பங்கு நூற்றுக்கு மூன்றேகால் ரூபாய், தொழிலாளியின் பங்கு முக்கால் ரூபாய் என்று குறைக்கப்பட்டது. "எதற்கு இந்தத் தொல்லை" என்று பெயரைப் பதிவு செய்யாமல் விடுகிறோம். தொல்லை என்று நினைக்கிறவர்கள் இதைக் கேளுங்கள். புற்றுநோய் போன்ற நீண்ட கால நோய் வந்த தொழிலாளிக்கு, இரண்டு ஆண்டு வேலையில் இருந்து உரிய சந்தாவும் கட்டப்பட்டிருந்தால், சம்பளத்தில் 80 சதவீதம் வரை அந்தத் திட்டத்தில் கிடைக்கும். இரண்டு ஆண்டு வரைகூட நீளும். நாம் மிச்சம் பிடித்த மூன்றேகால் ரூபாய், ஒரு குடும்பத்தின் இரண்டு வருடச் சோறு.

பத்துப் பேருக்குக் குறைவான கடை என்றால் சட்டம் நம்மைக் கேட்காது. என் கடையும் அப்படித்தான். அப்போது நாமே செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, "உன் வேலை உனக்கே; வந்து சேர்" என்று அவனுடைய அத்தா, அம்மா முன்னால் சொல்லிவிடுங்கள். இரண்டு, இடையில் வைக்கிற ஆளிடம் "இது தற்காலிகம்" என்று முதல் நாளே சொல்லுங்கள். மூன்று, சிகிச்சைக்கு நடுவில் உடம்பு தெம்பாக இருக்கிற நாட்களில் உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கொடுங்கள். பில் போடட்டும், பாக்கிக்காரருக்குப் போன் பேசட்டும். மருந்து ஏற்றிய சில நாட்களில் இரத்த வெள்ளை அணு குறைந்து எளிதில் தொற்று வரும். அந்த நாட்களில் கூட்டத்தில் நிற்க வைக்காதீர்கள். எந்த நாளில் வரலாம், எந்த நாளில் கூடாது என்பதை அவனுடைய மருத்துவரே சொல்வார்.

பைத்துல்மால் செய்ய வேண்டியது

ஜமாஅத் பொறுப்பாளர்களே! முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நம் மாநிலத்தில் இருக்கிறது. 2018-இல் மத்திய அரசின் திட்டத்துடன் இணைந்தபின் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு அதில் அடங்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகம் போனால் அட்டை வாங்கலாம். நோய் வந்தபிறகு அலைவதைவிட, இன்றே மஹல்லாவில் யார் யாருக்கு அட்டை இல்லை என்று கணக்கெடுங்கள். இரண்டு படித்த தம்பிமார்களை அதற்கென்று நியமியுங்கள்.

அந்த அட்டை மருத்துவமனைக்குப் பணம் கட்டும். பஸ் கட்டணம், மதுரையிலோ சென்னையிலோ தங்குகிற அறை வாடகை, கூட இருப்பவரின் சாப்பாடு, விட்டுப்போன கூலி, இவற்றுக்கு அது பதில் சொல்லாது. நம் ஜகாத்தும் சதகாவும் போய்ச் சேர வேண்டிய இடம் அது. ரமளானில் ஒரே தடவையாக ஐயாயிரம் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக் கொள்வதை விட, சிகிச்சை முடிகிற வரை மாதம் ஆயிரம் என்று போய்ச் சேர்ந்தால் அந்தப் பிள்ளை மருந்தை நிறுத்த மாட்டான். கொடுப்பதை யாருக்கும் தெரியாமல் கொடுங்கள். கல்யாண வயதுப் பிள்ளையின் நோயை நன்கொடை அறிவிப்பில் போடாதீர்கள்.

ரயிலில் ஒரு சலுகை இருக்கிறது. நம்மில் பலர் கேட்டு வாங்குவதே இல்லை. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறவோ மறுபரிசோதனைக்கோ போகிறவருக்கு, ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு. துணைக்குப் போகிற ஒருவருக்கு அதே வகுப்புகளில் முக்கால் பங்கு சலுகை உண்டு. மருத்துவமனையில் அதற்குரிய படிவத்தில் மருத்துவரிடம் சான்று வாங்கி, திண்டுக்கல் ஜங்ஷன் முன்பதிவு கவுண்டரில் காட்டினால் போதும். அடையாறுக்கோ காஞ்சிபுரம் அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கோ போகிற குடும்பத்துக்கு இது பெரிய உதவி. பஸ் கட்டணத்துக்கும் தங்கும் செலவுக்கும் அரசு வழி செய்ய வேண்டும் என்று கேட்பது நம் அமைப்பின் வேலை. அதை உரிய இடத்தில் கேட்போம். கிடைக்கிற வரை காத்திருக்க அந்தப் பிள்ளையால் முடியாது.

தம்பிமார்களே!

உங்களிடம் பணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்களிடம் மூன்று பொருள் இருக்கிறது: இரத்தம், பைக், நேரம்.

இரத்த தானத்தில் நம் இளைஞர்கள் பின்வாங்குவதில்லை. ஒரு செய்தியை மட்டும் புரிந்து கொள்ளுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அடிக்கடி தட்டணுக்கள் தேவைப்படும். சிவப்பணுக்களை ஒரு மாதத்துக்கு மேலும் சேமிக்கலாம். தட்டணுக்களை ஐந்து நாளுக்கு மேல் வைக்க முடியாது. ஆகவே ஆண்டுக்கு ஒரு முகாம் நடத்தி நூறு பேர் கொடுத்தால் மட்டும் போதாது. இந்த வாரம் யார், அடுத்த வாரம் யார் என்று ஒவ்வொரு இரத்த வகைக்கும் பெயர்ப் பட்டியல் வேண்டும். இரவு பத்து மணிக்கு அழைத்தாலும் எழுந்து வருகிறவன் பெயர்தான் அதில் இருக்க வேண்டும்.

அடுத்து, கூடப் போங்கள். அத்தா கூலிக்குப் போகட்டும். மருத்துவமனைக்கு நண்பன் போகட்டும். ஐந்து நண்பர்கள் சேர்ந்தால் வாரத்தில் ஐந்து நாளும் ஒருவன் போகலாம். வரிசையில் டோக்கன் வாங்குவது, மருந்துச் சீட்டைப் படித்து விளங்கிக் கொள்வது, அடுத்த தேதியைக் குறித்து வைப்பது, இவை சின்ன வேலைகள்தான். சிகிச்சையில் இருப்பவனுக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுப் படுக்க வைக்காதீர்கள். அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். வெள்ளை அணு குறைந்த உடம்பில் காய்ச்சல் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நோயாளியைப் பார்க்கப் போவது நம் மார்க்கத்தில் கடமை. போகிற விதம் ஒன்று இருக்கிறது. சளி, இருமல் இருந்தால் போகாதீர்கள். பத்துப் பேர் கூட்டமாகப் போய் அறையை நிறைக்காதீர்கள். "எந்த ஸ்டேஜ்? எத்தனை நாள் என்று சொன்னார்கள்?" என்று கேட்காதீர்கள். "எங்க பெரியம்மாவும் இதிலேதான் மௌத்தானாங்க" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். இது தொற்று நோயல்ல. பக்கத்தில் உட்காருங்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் அதற்குப் பயப்பட வேண்டாம். கிரிக்கெட் பேசுங்கள், வியாபாரம் பேசுங்கள், முன்பு என்ன பேசினீர்களோ அதையே பேசுங்கள். ரமளானில் அவன் நோன்பு வைக்க முடியவில்லை என்றால் ஏற இறங்கப் பார்க்காதீர்கள். நோயாளிக்கு மார்க்கமே சலுகை கொடுத்திருக்கிறது.

கிரிக்கெட் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2011 உலகக் கோப்பையில், சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக யுவராஜ் சிங் 113 ரன் அடித்தார். ஆட்டத்தின் நடுவே மைதானத்திலேயே வாந்தி எடுத்தார். பிறகுதான் மார்புக்குள் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தது. அப்போது அவருக்கு முப்பது வயது. அமெரிக்காவில் சிகிச்சையை முழுமையாக முடித்து 2012 ஏப்ரலில் திரும்பினார். அதே ஆண்டு செப்டம்பரில் நியூசிலாந்துக்கு எதிராக இந்திய அணியில் மீண்டும் இறங்கினார். எங்கே? அதே சேப்பாக்கத்தில். அவரிடம் பணம் இருந்தது, புகழ் இருந்தது என்பீர்கள். உண்மைதான். ஆனால் குணமாகி வந்தபோது அணியில் அவருக்கு ஓர் இடமும் கிடைத்தது. நம் கடைவீதிப் பையனுக்கு அந்தப் பணத்தை நம்மால் கொடுக்க முடியாது. அந்த இடத்தைக் கொடுக்க முடியும்.

மீண்டு வந்தவர்கள் மற்றவர்களுக்குத் துணையாவது இன்னும் பெரிது. மும்பையில் இந்தியன் கேன்சர் சொசைட்டியின் அரவணைப்பில், சிறு வயதில் இந்நோயிலிருந்து மீண்டவர்கள் 'உகம்' என்ற பெயரில் ஒரு குழுவாகச் சேர்ந்திருக்கிறார்கள். நம் ஊரிலும் மீண்டவர்கள் இருக்கிறார்கள்; மறைத்துக் கொண்டு இருக்கிறார்கள். "எனக்கும் வந்தது, நான் நன்றாக இருக்கிறேன்" என்று அவர்களில் ஒருவர் சொல்வது, நான் ஒரு மணி நேரம் பேசுவதைவிடப் பலன் தரும்.

திருமணம் என்ற பேச்சு

கடைசியாக, சொல்லத் தயங்குகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் நோயை மறைப்பதற்கும், பெண் பிள்ளைகள் மார்பில் கட்டி தெரிந்தும் மாதக்கணக்கில் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் இருப்பதற்கும் காரணம் என்ன? திருமணம் நின்றுவிடும் என்ற பயம். மணமான பெண்ணுக்கு வந்தால் அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அங்கேயே பார்த்துக் கொள்ளட்டும் என்று கைகழுவுகிற வீடுகளும் உண்டு. இதைச் செய்கிறவர்கள் தொழுகிறவர்களாகவும் இருக்கிறார்கள் என்பதுதான் வேதனை.

இந்த நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. பரம்பரையாக வருவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. குணமாகி, திருமணம் செய்து, பிள்ளை பெற்றவர்கள் ஏராளம். சில மருந்துகளும் கதிர்வீச்சும் குழந்தைப் பேற்றைப் பாதிக்கலாம் என்பது உண்மை. அதனால்தான் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். பின்னாளுக்காகப் பாதுகாத்து வைக்கும் வசதி இன்று இருக்கிறது. மார்க்கச் சட்டத்தில் சந்தேகம் இருந்தால் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியுங்கள். வெட்கப்பட்டு அத்தாவும் பேசாமல், மகனும் பேசாமல் சிகிச்சை தொடங்கிவிட்டால் பிறகு கேட்டுப் பயனில்லை.

நிச்சயம் செய்த இடத்தில் உண்மையைச் சொல்லுங்கள். கேட்கிற வீட்டார், அவசரப்பட்டு முறிக்காமல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டு முடிவு செய்யுங்கள். நம் இமாம்கள் ஒரு ஜுமுஆவில் இதைப் பேசினால், பல வீடுகளில் மூடிக் கிடக்கிற கதவு திறக்கும்.

எழுந்து போவதற்கு முன்

சகோதரர்களே! கைதட்டல் வேண்டாம். வெளியே ஒரு மேசையில் இரண்டு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். ஒன்றில் தம்பிமார்கள் பெயரும் இரத்த வகையும் எந்தக் கிழமை மதுரைக்குத் துணை போக முடியும் என்பதும் எழுதட்டும். மற்றொன்றில் வியாபாரிகள் கடைப் பெயரை எழுதி, "எங்களிடம் வேலை பார்ப்பவருக்கு நோய் வந்தால் அவர் இடம் காத்து வைக்கப்படும்" என்ற வரியின் கீழே கையெழுத்துப் போடட்டும். முதல் கையெழுத்து என்னுடையது. போட்டுவிட்டுத்தான் மேடை ஏறினேன்.

அந்தப் பையன் படியில் நின்று திரும்பிப் பார்த்தபோது நான் சொல்லியிருக்க வேண்டிய சொல்லை இத்தனை ஆண்டு கழித்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவனுக்கு அது உதவாது. அடுத்து வரப் போகிறவனுக்கு உதவட்டும். நோயுற்ற பிள்ளைகள் அனைவருக்கும் இறைவன் ஷிஃபா அளிப்பானாக. அவர்களுக்குத் துணை நிற்கிற மனதை நமக்கும் அளிப்பானாக என்று துஆச் செய்து முடிக்கிறேன்.